பற்றா, பிடிவாதமா?



பற்று என்பது தமிழிலே இரு முகம் கொண்ட சொல். மொழிப்பற்று, நாட்டுப்பற்று, பெற்றோர்மீது பற்று என்னும்போது அதனைப் போற்றுகின்றோம். பணப்பற்று, உலகப்பற்று என்னும்போது அதையே பழிக்கின்றோம். ஒருவன் தன் விசுவாசத்தை விடாமல் பிடித்துக்கொண்டால் அவனை உறுதியானவன் என்கின்றோம். தன் சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டால் பிடிவாதக்காரன் என்கின்றோம். இரண்டிலும் நடப்பது ஒன்றுதான். ஏதோ ஒன்றை இறுகப் பிடித்துக்கொண்டு, இழுப்பவருக்கு இடங்கொடாமல் இருப்பது. அப்படியானால் ஒன்று புண்ணியமாகவும் மற்றது குற்றமாகவும் ஆவது எதனால்?

இது குருமடத்திலே மாத்திரம் ஆராயப்படும் கேள்வியன்று. வீட்டுக்கு வீடு எழுகின்ற கேள்வி. வெளிநாட்டுக்குப் போன மகன், "வீட்டை விற்றுவிட்டு என்னோடு வந்து இருங்கள்" என்று சொல்லச் சொல்ல, தகப்பனார் தம் கையால் கட்டிய வீட்டை விட்டு வர மறுக்கிறார். புதிதாக வந்த மருமகள் எதைச் செய்தாலும், "எங்கள் வீட்டு வழக்கம் இதல்ல" என்று மாமியார் தம் வழக்கத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறார். குடித்துவிட்டு வந்து கைநீட்டும் கணவனைத் திருத்திவிடலாம் என்று ஒருத்தி இருபது வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறாள். இவர்களிடம் நாம் ஒரு நாள், "விடாதே, பொறுத்திரு" என்கின்றோம். மறுநாள், "விட்டுக்கொடுத்தால்தான் நிம்மதி" என்கின்றோம். எந்த இடத்தில் எதைச் சொல்வதென்று நமக்கே தெளிவில்லை.

இதற்கு விடை தேட, உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு கடல் மீனை இன்று உங்கள் முன் வைக்கின்றேன். எறும்பிடம் போய்ப் பாடம் படிக்கும்படி சோம்பேறிக்குச் சொல்லுகிறது வேதாகமம். ஆகாயத்துப் பறவைகளையும் வயல்வெளி மலர்களையும் பார்க்கும்படி சொன்னார் நம் ஆண்டவர். ஆகையால் மீனிடம் போய்ப் பாடம் கேட்பதில் நமக்கு வெட்கமில்லை.

ஓடையிலும் கடலிலும்

கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் ஏ-9 வீதியிலே, அக்குறணையைத் தாண்டியிருக்கும் அலவத்துகொட, கடலுக்கு வெகு தூரத்திலுள்ள ஊர். மலைகளுக்கு நடுவே வாழும் நம்மவரில் பலர் கடலைப் பார்ப்பதே தலவில புனித அன்னம்மாள் திருநாளுக்கு யாத்திரை போகும்போதுதான். ஆனாலும் கல்லைப் பற்றி வாழும் மீன் நமக்குப் புதிதன்று. மலைநாட்டின் தெளிந்த ஓடைகளிலே, தண்ணீர் வேகமாக விழுந்தோடும் இடங்களில், கருமையான சிறு மீனொன்று கற்களோடு கல்லாக ஒட்டியிருப்பதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். சிங்களச் சகோதரர் அதனைக் 'கல் பாண்டியா' என்பார்கள். நாம் கல்லொட்டி என்று சொல்லலாம். இது இலங்கையைத் தவிர வேறெந்த நாட்டிலும் இயற்கையாகக் காணப்படாத மீன். அதன் வாய் முகத்தின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. கீழுதடு விரிந்து ஒரு சிறு வட்டத் தட்டாக அமைந்திருக்கிறது. அந்தத் தட்டைக் கல்லிலே பதித்துக்கொண்டு, கல்லின்மேல் படரும் பாசியைச் சுரண்டித் தின்று சீவிக்கின்றது.

ஓடையிலே தண்ணீர் ஒரு திசையில்தான் இழுக்கும். கடலோரப் பாறையிலோ அலை வந்து மோதும், பின்வாங்கி இழுக்கும், மறுபடியும் மோதும். இரவும் பகலும் இதுதான். போதாததற்கு, வற்றுக் காலத்தில் தண்ணீரே வடிந்துபோய்ப் பாறை வெயிலில் காயும். அத்தகைய இடத்தையே வீடாகக் கொண்ட ஒரு மீன் குடும்பம் உண்டு. அதிலே நூற்றைம்பதுக்கும் அதிகமான இனங்கள். பெரும்பாலானவை சில சென்ரிமீற்றர் நீளமே உடையவை. தென்னாபிரிக்கக் கரையிலும் சிலி நாட்டுக் கரையிலும் உள்ள ஓரிரு இனங்கள் மட்டும் ஓர் அடி வரை வளரும். நமது இந்து சமுத்திரத்திலும் மேற்குப் பசிபிக் கடலிலும் வாழும் ஓர் இனம், நீண்ட முட்களையுடைய கடல் முள்ளியின் முட்களுக்கு நடுவே மெல்லிய கோடுபோல மறைந்திருக்கும். இந்தக் குடும்பத்தைப் பாறையொட்டி என்று அழைப்போம்.

பாறையொட்டிக்குச் செதில் கிடையாது. உடம்பெங்கும் வழுவழுப்பான சளி மூடியிருக்கும். மற்ற மீன்கள் நீரிலே மிதக்க உதவும் காற்றுப் பையும் இதற்கில்லை. தலை அகன்று தட்டையாயிருக்கும். பின்னே போகப் போக உடல் ஒடுங்கும். நீச்சலில் கெட்டிக்காரன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அதன் வயிற்றுப்புறத்திலே, அடித் துடுப்புக்கள் இரண்டும் சேர்ந்து ஒரு வட்டக் கிண்ணம்போல அமைந்துள்ளன. அந்தக் கிண்ணத்தைப் பாறையில் அழுத்தி உள்ளிருக்கும் நீரின் அழுத்தத்தைக் குறைத்துவிட்டால், வெளியிலுள்ள நீரின் அழுத்தமே மீனைப் பாறையோடு சேர்த்து அமுக்கிவிடும்.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் அலாஸ்கா தொடக்கம் மெக்சிக்கோ வரை வாழும் ஓர் இனத்தை வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு நிலையத்தினர் இழுத்துப் பார்த்தார்கள். அது தன் எடையைப்போல 80 மடங்கு முதல் 230 மடங்கு வரையான இழுவையைத் தாங்கியது. ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு மனிதன் இதற்கு ஈடுகொடுக்க வேண்டுமானால், குறைந்தது நாலாயிரம் கிலோவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

கரடான இடத்திலே

இந்தப் பலத்தைவிட வியப்பான சங்கதி வேறொன்று உண்டு. சுவரிலே துவாய் மாட்டுவதற்கு இறப்பர் கிண்ணம் வைத்த கொளுவிகள் கடையிலே விற்கிறார்கள். குளியலறையின் வழுவழுப்பான மாபிளில் அவை நன்றாக ஒட்டும். அதே கொளுவியைச் சீமெந்துச் சுவரில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டாது, அல்லது ஒட்டிய சிறிது நேரத்தில் விழுந்துவிடும். சுவரின் மேடுபள்ளங்களுக்கு ஊடாகக் காற்று உள்ளே புகுந்துவிடுகிறது. கிண்ணத்தின் விளிம்பும் உள்நோக்கி வழுக்கிவிடுகிறது. வழுவழுப்பான இடத்தில் மட்டும் விசுவாசமாயிருக்கும் பொருள் அது.

கடற்பாறை வழுவழுப்பானதன்று. மேடும் பள்ளமும், பாசியும், வழுக்கும் அழுக்கும் நிறைந்தது. பாறையொட்டியோ அங்கேதான் பிடித்துக்கொள்கிறது. 2013ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், மிக நுண்ணிய சொரசொரப்புத் தொடக்கம் மிகக் கரடான பரப்பு வரை பல பரப்புக்களில் இந்த மீனை ஒட்டவைத்துச் சோதித்தார்கள். எல்லாவற்றிலும் அது ஒரே மாதிரி உறுதியாகப் பிடித்தது. மனிதர் செய்த கிண்ணங்கள் மிக வழுவழுப்பான பரப்பைத் தவிர மற்றவற்றில் தோற்றுப்போயின. இந்த மீனைப் பார்த்துப் படித்துக் கரடான இடத்திலும் ஒட்டக்கூடிய கிண்ணங்களைச் செய்து, 2019இல் அதைப்பற்றியும் எழுதினார்கள்.

மீனின் இரகசியம் எங்கே இருக்கிறது? கிண்ணத்தின் விளிம்பிலே. அந்த விளிம்பு கெட்டியான வளையமன்று. சிறு சிறு மொட்டுக்களால் ஆனது. ஒவ்வொரு மொட்டின் மேலும் மிக நுண்ணிய குச்சிகள். ஒவ்வொரு குச்சியின் நுனியும் கண்ணுக்குத் தெரியாத நார்களாகப் பிரிந்திருக்கும். பல்லியின் பாதத்திலே இருப்பதைப் போன்ற அமைப்பு. பாறை எங்கே குழிந்திருக்கிறதோ அங்கே நார்கள் உள்ளே போகும். எங்கே புடைத்திருக்கிறதோ அங்கே வளைந்துகொடுக்கும். இப்படிப் பாறையின் வடிவத்துக்கேற்ப விளிம்பு தன்னை அமைத்துக்கொள்வதால், நீர் உள்ளே கசிவதில்லை, கிண்ணம் வழுக்குவதுமில்லை. பாறையைத் தனக்கேற்ப மாற்ற மீன் முயலுவதில்லை. தன்னைப் பாறைக்கேற்ப மாற்றிக்கொள்கிறது. அதனாலேயே அதனை யாராலும் அசைக்க முடிவதில்லை.

வாசகரே, நம் குடும்பங்களை இந்த இடத்திலே கொஞ்சம் நினைத்துப் பார்ப்போம். திருமணநாளன்று பீடத்தின் முன்னே நின்று, இன்பத்திலும் துன்பத்திலும் உடல்நலத்திலும் நோயிலும் பிரிவதில்லை என்று வாக்குக் கொடுக்கிறோம். அன்றைய பரப்பு வழுவழுப்பானது. பூமாலையும் பட்டும் பந்தலுமாக இருக்கும்போது எந்தக் கிண்ணமும் ஒட்டும். பிறகு சீமெந்துச் சுவர் வருகிறது. வேலை போகிறது. பிள்ளைக்கு நோய் வருகிறது. கணவனுக்கு ஒரு குணம், மனைவிக்கு ஒரு குணம் என்று மேடும் பள்ளமும் வெளியே தெரிகிறது. அப்போது, "நீ உன் கரட்டை எல்லாம் தேய்த்து வழுவழுப்பாக்கிக்கொண்டு வா, பிறகு ஒட்டுகிறேன்" என்று சொல்பவரின் அன்பு துவாய்க் கொளுவியின் அன்பு. நினைவு மங்கிப்போன வயதான தாய் ஒரே கேள்வியை ஐம்பது தடவை கேட்கும்போது ஐம்பதாவது தடவையும் பொறுமையாகப் பதில் சொல்லுகிற மகளின் அன்புதான் பாறையொட்டியின் அன்பு.

அயலவர் விஷயமும் இதுவே. நமது பகுதியிலே ஒரே கடைவீதியில் பௌத்தரும் முஸ்லிம்களும் இந்துக்களும் கத்தோலிக்கரும் தோளோடு தோள் உரசி வாழ்கிறோம். பெருநாளுக்குப் பலகாரம் பரிமாறும்போது நட்பு இலேசானது. 1983 யூலையிலும் 2018 மார்ச்சிலும் அலை அடித்தபோது என்ன நடந்தது? கூட்டத்தோடு அள்ளுண்டு போனவர்கள் இருந்தார்கள். அயல்வீட்டுக்காரனைத் தன் வீட்டுக்குள் மறைத்து வைத்துவிட்டு வாசலிலே நின்று கூட்டத்துக்கு முகங்கொடுத்தவர்களும் எல்லாச் சமூகத்திலும் இருந்தார்கள். எது உண்மையான பற்று என்பது கரடான நாளிலேதான் தெரிகின்றது.

கொட்டலசின் கதை

இதுவரை சொன்னதைக் கேட்டு, "அப்படியானால் எதையும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதே நல்லது" என்று ஒருவர் முடிவுகட்டலாம். அவசரப்பட வேண்டாம். அதே பாறையில் வாழும் இன்னோர் உயிரைப் பார்ப்போம்.

கொட்டலசு என்பதைக் கரையோரத்தவர் நன்கு அறிவர். பாறைகளிலும் தோணிகளின் அடியிலும் சுண்ணாம்பு மேடுபோல வெண்மையாக ஒட்டியிருக்கும். பார்ப்பதற்குச் சிப்பி போன்றிருந்தாலும் அது இறாலுக்கும் நண்டுக்கும் உறவான உயிர். குஞ்சாயிருக்கும்போது கடலிலே தாராளமாக நீந்தித் திரியும். பிறகு ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்து, தலையை வைத்துப் பசைபோன்ற பொருளைச் சுரந்து ஒட்டிக்கொள்ளும். அவ்வளவுதான். அதன்பின் மரணம் வரை அந்த இடத்தை விட்டு நகர அதனால் முடியாது. நல்ல இடமானால் பிழைக்கும். தண்ணீர் வராத இடமாகிவிட்டாலோ, தோணி கரையேற்றப்பட்டாலோ, அங்கேயே காய்ந்து சாகும். அதுவும் கடவுளின் படைப்பே. தன் இயல்பின்படி வாழுகிறது. ஆனால் மனிதன் அப்படி வாழ்ந்தால்?

பாறையொட்டி அப்படியன்று. பிடித்திருக்கிற நேரத்தில் எந்த அலையாலும் அசையாத அதே மீன், இரை தேடும் நேரம் வந்ததும் கிண்ணத்தைத் தளர்த்தி நழுவிச் செல்லும். வேறோர் இடத்திலே மறுபடியும் பதியும். பாறையோடு ஒட்டியிருக்கும் தொப்பி நத்தைகளை இரையாகக் கொள்ளும் இனங்களும் உண்டு. தானே பிடித்துக்கொள்கிறது, தானே விடுகிறது. அலை பிடுங்கியதால் விடுவதுமில்லை. விட முடியாததால் பிடித்திருப்பதுமில்லை.

புனித தோமஸ் அக்குவினாஸ் தமது பெருநூலிலே நிலைமைக்குணத்தை, அதாவது நல்லதிலே கடைசிவரை நிலைத்து நிற்கும் புண்ணியத்தை, ஆராய்கின்றார். அதற்கு எதிரான குற்றங்கள் இரண்டு என்கிறார். ஒன்று, சிறிது கஷ்டம் வந்ததும் கைவிட்டுவிடும் மென்மை. மற்றது, விடவேண்டிய வேளையிலும் விடாத பிடிவாதம். நாம் சாதாரணமாக முதலாவதை மட்டும் குற்றமாகக் கணக்கிட்டு, இரண்டாவதைப் புண்ணியத்தின் பக்கத்தில் வைத்துவிடுகிறோம். புனிதரோ இரண்டையும் பாதையின் இரு பக்கத்துப் பள்ளங்களாகக் காட்டுகிறார். துவாய்க் கொளுவி ஒரு பள்ளம். கொட்டலசு மறு பள்ளம்.

இது நமக்கு ஏட்டுச் சங்கதியன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைத் தாக்கியபோது அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மாவட்டங்களிலே ஆகக்கூடிய உயிர்களைப் பறிகொடுத்தது நமது கண்டி மாவட்டம். மலைகள் கரைந்து இறங்கின. அலவத்துகொடப் பகுதியும் அந்தத் துயரத்துக்குத் தப்பவில்லை. மண்ணுக்குள் போனவர்களுக்காக இன்னும் பல வீடுகளிலே மெழுகுதிரி எரிகின்றது. இந்த மலைச்சரிவுகளில் வாழும் குடும்பங்களுக்கு, 'விடுவதா, பிடித்திருப்பதா' என்பது மழை பெய்யும் ஒவ்வோர் இரவும் எழும் கேள்வி.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படிகளிலே விடுக்கின்றது. சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். அப்போது ஒரு பெரியவர், "என் தகப்பன் கட்டின வீடு, செத்தாலும் இங்கேதான்" என்று சொன்னால் அது பற்றா, பிடிவாதமா? தகப்பன் வீடு கட்டியது பிள்ளைகள் வாழ்வதற்காக. அந்த வீட்டைப் பிடித்துக்கொண்டு பேரப்பிள்ளைகளின் உயிரைப் பணயம் வைத்தால், கட்டியவரின் எண்ணத்தையே கைவிட்டவராகிறோம். விடவேண்டியதை விட்டால்தான் பிடிக்கவேண்டியதைப் பிடிக்கமுடியும்.

ஆனால் இறந்துபோனவர்களைப் பிடிவாதக்காரர் என்று எவரும் சொல்லத் துணியக்கூடாது. பலருக்கு எச்சரிக்கைக்கும் சரிவுக்கும் இடையே நேரமே இருக்கவில்லை. இன்னும் பலருக்குப் போக்கிடம் இருக்கவில்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன்களை மலை மூடியதை மறந்துவிட்டோமா? அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனால் சொந்தக் காணி இல்லாத தோட்டத் தொழிலாளி எங்கே போவான்? வேறொரு பாறை கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லாத மீனைப் பார்த்து, "விட்டுவிடு" என்று சொல்வது புத்திமதியன்று. விடச் சொல்பவருக்குப் பிடிக்க இடங்கொடுக்கும் கடமையும் உண்டு. பங்கின் மண்டபமோ, நமது வீட்டின் முன்னறையோ, அரசு தரவேண்டிய உறுதியான காணியோ, ஏதாவது ஒன்றைக் காட்டிவிட்டுத்தான் நாம் மற்றவர்களின் பிடிவாதத்தைப்பற்றிப் பேசலாம்.

யாருக்காகப் பிடிப்பது?

பாறையொட்டியிடம் இன்னொரு பாடமும் உண்டு. அமெரிக்கக் கரையிலே வாழும் அந்த இனம் கல்லின் அடிப்புறத்திலே முட்டைகளை ஒட்டவைக்கும். முட்டைகள் பொரிக்கும்வரை அங்கே காவலிருப்பது தகப்பன் மீன். வற்று வந்து தண்ணீர் வடிந்தாலும் ஈரமான கல்லின் கீழே காற்றையே சுவாசித்துக்கொண்டு தாக்குப்பிடிக்கக்கூடிய மீன் அது. அதன் பிடிக்கு இப்போது ஒரு பொருள் வந்துவிடுகிறது. பாறையை அது நேசிப்பதாகச் சொல்லமுடியாது. பாறையிலே உள்ள முட்டைகளுக்காகத்தான் காவல்.

நமது கண்டி மண்ணிலே இப்படி வாழ்ந்து காட்டியவர் ஒருவர் இருந்தார். புனித யோசேப் வாஸ் அடிகளார் 1651இல் கோவாவிலே பிறந்தவர். அங்கே ஒரு துறவுச் சபையின் தலைவராக மதிப்போடு இருந்தவர். ஒல்லாந்தரின் தடையால் இலங்கைக் கத்தோலிக்கர் குருவானவர் ஒருவர்கூட இன்றித் தவிப்பதை அறிந்ததும் அந்தப் பதவியை விட்டார், ஊரை விட்டார், உறவை விட்டார். 1687இல் கூலியாளின் உடையிலே யாழ்ப்பாணத்தை அடைந்தார். தமிழும் சிங்களமும் படித்தார். 1692இல் கண்டிக்கு வந்தபோது போர்த்துக்கீச ஒற்றன் என்று சந்தேகிக்கப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார். பின்னர் மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவருடைய தூய வாழ்வை அறிந்து சுதந்திரம் அளித்தான்.

1697இல் கண்டி நகரிலே வைசூரி பரவியது. மன்னனும் பிரபுக்களும் நகரைவிட்டு வெளியேறினார்கள். நோயாளிகளைச் சொந்த உறவினரே கைவிட்டு ஓடினார்கள். யோசேப் வாஸ் அடிகளாருக்கும் ஓடுவதற்குக் கால்கள் இருந்தன. ஓடவில்லை. அவருடைய மருமகனான யோசேப் கர்வாலியோ அடிகளாரோடு சேர்ந்து, கைவிடப்பட்டவர்களைத் தேடிப்போய்க் கழுவினார்கள், உணவூட்டினார்கள், மருந்து கொடுத்தார்கள், இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள். சாதியும் சமயமும் பார்க்கவில்லை. கோவாவை அத்தனை இலேசாக விட்ட மனிதர், கண்டியின் நோயாளிகளை எந்தப் பயத்துக்கும் விடவில்லை. 1711 சனவரி 16இல் கண்டியிலேயே உயிர்துறந்தார். 2015 சனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத்திடலிலே அவரைப் புனிதராக அறிவித்தார். அவருடைய கல்லறை எந்த இடத்திலே என்பதை இன்று எவராலும் சுட்டிக்காட்ட முடியாது. ஒரு பிடி மண்ணைக்கூடத் தமக்கென்று அவர் பிடித்து வைக்கவில்லை.

நாம் தேடிய விடை இங்கே கிடைக்கிறது என்று நினைக்கின்றேன். பிடியின் இறுக்கத்தைப் பார்த்து அது பற்றா, பிடிவாதமா என்று சொல்ல முடியாது. யாருக்காகப் பிடிக்கிறோம் என்பதையே பார்க்க வேண்டும். பிடிவாதக்காரன் எதைப் பிடித்தாலும் கடைசியில் தன்னையே பிடித்துக்கொண்டிருக்கிறான்: தன் கௌரவம், தன் சொல், தன் வழக்கம். பற்றுள்ளவன் பிடிப்பது இன்னொருவருக்காக. ஆகவே அந்த இன்னொருவரின் நன்மை விடச்சொன்னால் அவனால் விடவும் முடியும்.

ஒரு நியாயமான மறுப்பு

இதை வாசிக்கும் ஒருவர் கேட்கலாம்: "பொறுத்திரு, பிடித்திரு என்று போதித்துப் போதித்தே ஏழையை ஏழையாகவும், அடிபடுபவளை அடிபடுபவளாகவும் வைத்திருக்கவில்லையா?" இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது. அப்படிப் போதித்தவர்கள் உண்டு. ஆனால் மீனை மறுபடியும் பாருங்கள். அது பற்றுவது பாறையை, அலையையன்று. பாறையைப் பற்றுவதே அலைக்கு எதிராக நிற்பதற்காகத்தான்.

முதலிலே சொன்ன அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். கணவனின் அடியைப் பிடித்துக்கொண்டிருக்கும்படி திருச்சபை அவளைக் கேட்கவில்லை. வாழ்க்கைத்துணை மற்றவருக்கோ பிள்ளைகளுக்கோ ஆன்மாவிலோ உடலிலோ பாரதூரமான ஆபத்தை உண்டாக்கினால் பிரிந்து வாழ நியாயம் உண்டென்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு 1153ஆம் சட்டத்திலே கூறுகின்றது. விவாக பந்தம் முறிவதில்லை. ஆனால் அவள் அடிபட்டுக்கொண்டிருக்க வேண்டியதுமில்லை. பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு அந்த வீட்டை விடுகிறவள் விசுவாசத்தை விட்டவள் அல்லள்.

மலையகத்து நம் முன்னோரும் இதற்குச் சாட்சி. கோப்பிக் காலத்திலே மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, அங்கிருந்து கண்டிச் சீமைக்குப் பரவியவர்கள் அவர்கள். 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் அவர்களுடைய பிள்ளைகள் நாடற்றவர்களானார்கள். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமென்று பங்கிட்டது. அண்ணன் ஒரு நாடு, தம்பி ஒரு நாடாகப் போன குடும்பங்கள் எத்தனை! எஞ்சியிருந்தவர்களுக்கு வழி திறந்த சட்டம் வந்தது 2003இல். அவர்கள் வெறுமனே பொறுத்திருக்கவில்லை. தங்கள் உரிமையை விடாமல் கேட்டுக்கொண்டேயிருந்தார்கள். அநீதியைப் பொறுத்துக்கொள்வது வேறு. நீதியைக் கேட்பதிலே நிலைத்து நிற்பது வேறு. பின்னதே பற்று.

இன்றிரவு செபமாலை முடிந்ததும், பிள்ளைகள் எழுந்து போகுமுன், குடும்பமாகச் சிறிது நேரம் இருந்து யோசியுங்கள். கரடாகிவிட்டது என்பதற்காக நாம் கைவிட்ட உறவு ஒன்று இருக்கிறதா? கௌரவத்துக்காக மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும் வழக்கோ, பகையோ, வார்த்தையோ இருக்கிறதா? பிடிக்க இடமில்லாமல் தவிக்கும் ஒருவருக்கு நமது வீடு பாறையாக இருக்க முடியுமா? மூன்றாவது கேள்வி, மழைக்காலம் வருமுன்பே பதில் சொல்லவேண்டிய கேள்வி.

ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம். மீனுக்குப் பிடிக்கும் பலம் பிறப்பிலேயே அமைந்தது. நமது கை தளரும். வயது போகப் போக இன்னும் தளரும். தண்ணீர்மேல் நடந்து வந்து, காற்றைக் கண்டு பயந்து, மூழ்கத் தொடங்கிய புனித இராயப்பரைச் சுவிசேஷத்திலே பாருங்கள். அவருடைய கையிலே பிடிப்பதற்குப் பலம் இருக்கவில்லை. கூப்பிடுவதற்குக் குரல் மட்டுமே இருந்தது. கையை நீட்டிப் பிடித்தவர் ஆண்டவர். பாறை என்று பெயர் பெற்றவரே பிடிக்கப்பட்டுத்தான் பிழைத்தார். நமது பிடி நழுவும் நாளிலும் நம்மைப் பிடித்திருக்கும் கை ஒன்று உண்டு என்ற நம்பிக்கையோடு, பிடிக்கவேண்டியவர்களைப் பிடித்துக்கொள்வோம்.